தும்மாதே அக்காவும் கப்பல் மரமும்

என் அக்காவுக்கு ஆய்வுக்கூடத்தில் வைத்திருக்கும் பெயர் ‘தும்மாதே’. அவள் இருக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் வாங்க, போங்க எல்லாம் கிடையாது. “தும்மாதே!” என்றுதான் வரவேற்பு. கூட்டிப் பெருக்க வருகிறவருக்கும் அதுதான், இயக்குநருக்கும் அதுதான். இயக்குநருக்கு மட்டும் “தும்மாதீங்க”. மரியாதை தெரிந்தவள் என் அக்கா.

சும்மா சொல்லக் கூடாது, அவள் வேலை அப்படி. ஏரிக்கு அடியில் நீளக் குழாயை இறக்கி மண் எடுத்து வருவார்கள். அந்த மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஆதிகாலத்து மகரந்தத்தைத் தேடிப் பிடித்து, இது இன்ன மரத்துடையது என்று சொல்வதுதான் அவள் பிழைப்பு. மண்ணை அமிலத்தில் போட்டால் மணல் கரையும், சேறு கரையும், இலையும் வேரும் கரையும். மகரந்தத்தின் மேல்தோல் மட்டும் கரையாது. அமிலத்துக்கே டிமிக்கி கொடுக்கிற சாமான் அது. உள்ளே இருக்கும் சத்தெல்லாம் போய், வெறும் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூடுகளில் ஒன்றைத் தனியாக எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எடுப்பது என்றால் எதை வைத்து எடுப்பது? கண்ணுக்கே தெரியாத துகள். ஊசிமுனை அதன் பக்கத்தில் உலக்கை. அதனால் மனுஷனுடைய கண் இமைமுடி ஒன்றை மெல்லிய குச்சியின் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த முடியின் நுனியால் துகளைத் தொட்டு எடுப்பாள். மின்விசிறி ஓடக் கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, பக்கத்தில் யாரும் பெருமூச்சு விடக் கூடாது. அந்த நேரத்தில் ஒருவர் தும்மினால் ஒரு மாத வேலை காற்றோடு போகும்.

அக்காவின் குச்சியில் இருந்தது அத்தானின் இமைமுடி.

அத்தான் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ஆள் கறுப்பு, கட்டை, கரடுமுரடு. கண் இமை மட்டும் யாரோ பெண்ணுக்கு என்று எடுத்து வைத்ததை இவருக்கு மாற்றிக் கொடுத்தது போல நீளமாக, வளைந்து இருக்கும். கல்யாணமான புதிதில் அக்கா அவர் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்து கண்ணையே பார்த்தாளாம். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “என்ன அப்படிப் பாக்கற?” என்று வெட்கத்தோடு கேட்டிருக்கிறார். “அசையாதீங்க” என்று சொல்லி ஒரு முடியை வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு, முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அருமையான வளைவு” என்றாளாம்.

“என் பொண்டாட்டி என்கிட்ட மயங்கினது அந்த ஒரு முடியில மட்டும்தான், சின்னவளே” என்று அத்தான் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். முடி தேய்ந்து போகிற போதெல்லாம் அடுத்த முடியும் அவர்தான் கொடுப்பார். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருக்கிறேன். அத்தானின் சட்டை எல்லாம் என் கையால் தைத்தது. அக்கா செய்யும் வேலையில் பாதி எனக்குப் புரியாது, ஆனால் அவளுக்குச் சொல்வதற்கு வேறு ஆள் இல்லாததால் முக்கால்வாசி எனக்குத் தெரியும். எடுத்த துகளைப் பொத்தான் அளவு உலோகத் தட்டில் வைத்து அதன் மேல் தங்கப் பூச்சு பூசுவார்கள். நிஜத் தங்கம்தான். “உனக்கு ஒரு தோடு வாங்க மனசு வரல, செத்துப் போன பூவுக்குத் தங்கம் பூசறியே, உன்ன என்ன சொல்றது?” என்று கேட்பேன். “அந்தத் தங்கத்துல உன் தோட்டோட திருகுக்குக்கூட மினுக்குப் பத்தாது, போடி” என்பாள். பூசின பிறகு மெஷினுக்குள் வைத்தால் திரையில் அதன் முகம் வரும். ஒன்றில் முள் இருக்கும், ஒன்றில் குழி இருக்கும், ஒன்றில் வலை பின்னியிருக்கும். அந்த முகத்தைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்வாள். கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, என் அக்கா வருஷக்கணக்காக அதைத்தான் செய்தாள்.

இனி மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு கப்பல் மரம் நின்றது. அத்தான் நட்டது. பள்ளிக்கூடச் சுவரோரம் சாக்கடைக்குள் முளைத்துக் கிடந்த கன்றைப் பேருந்தின் முன் இருக்கையில் வைத்துக் கொண்டுவந்து நட்டார். பூக்கிற காலத்தில் மஞ்சள் தூளைக் கொட்டித் தீர்க்கும். திண்டாட்டம் பிடித்த மரம் என்று எல்லாரும் திட்டுவார்கள். எந்தக் காலத்திலோ யாரோ கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மரம், இந்த மண்ணுக்குச் சொந்தம் இல்லாத மரம் என்பதால்தான் அந்தப் பெயர். சாலையை அகலப்படுத்த வந்தபோது, “வந்தேறி மரம்தானே” என்று எங்கள் பக்கத்தில் நின்ற மற்றதை எல்லாம் சாய்த்துவிட்டார்கள். வீட்டு எல்லைக்குள் நின்றதால் இது ஒன்று தப்பியது.

அத்தான் மட்டும் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ள மாட்டார். “கப்பல்ல வந்ததுக்கு டிக்கெட் வச்சிருக்கா அது? நானே பாத்துருக்கேன், தண்ணி ஊத்தாமலே எப்படி வளருது. இந்த மண்ணுக்குப் பழகின ஆளுதான் இது” என்பார்.

“ஆமா, உங்ககிட்ட வந்து காதுல சொல்லிச்சு” என்பாள் அக்கா.

“சொல்லும். ஒரு நாளைக்குச் சொல்லும் பாரு.”

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் அத்தானுக்குப் பேருந்து வேலை கிடையாது. வீட்டுக்கு வந்து சமைப்பார். சமைத்து முடித்து மரத்தடியில் கொஞ்சம் கண் அசருவார். பிறகு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அக்காவின் ஆய்வுக்கூடத்துக்கு நடப்பார். நடந்து போகிற தூரம்தான். பூக்காலத்தில் போனால் இரண்டு தோளிலும் மஞ்சள் அப்பியிருக்கும். “உதறிட்டு வரக் கூடாதா?” என்று அக்கா கேட்பாள், அவர் வாசலிலேயே நின்று தட்டிவிட்டு உள்ளே போவார். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவுதான் அவர்கள் குடும்பம் நடத்திய அழகு. எனக்கு அதைப் பார்த்துப் பொறாமைகூட உண்டு.

அப்படி இருக்கிற காலத்தில் ஒரு நாள் அக்கா என் கடைக்குள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். என் அக்கா ஓடி நான் பார்த்ததே இல்லை. தைத்துக்கொண்டிருந்த துணியை என் கையிலிருந்து பிடுங்கிப் போட்டாள்.

“கப்பல் மரம்டி! ஏரிக்கு அடியில, எங்கயோ அடியில, கப்பல் மரத்து மகரந்தம்!”

“அதுக்கு?”

“அந்த மண்ணுக்கு இருபதாயிரம் வருஷம் வயசு. கப்பலே இல்லடி அப்ப. ஊரே இல்ல!”

எனக்கே சிலிர்த்துவிட்டது. ஒரே ஒரு துகள். அத்தான் முடியால் தொட்டு எடுத்து, தங்கம் பூசி, மெஷினில் வைத்தால், திரையில் தெரிந்தது கப்பல் மரத்தின் முகம். உண்மை என்றால் அந்த மரம் எங்கிருந்தும் வரவில்லை, இங்கேயே இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருஷமாக அக்கா கண்டுபிடித்ததை எல்லாம் மற்றவர்கள் தங்கள் பேருக்குக் கீழே போட்டுக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் வரும் என்று இயக்குநரே வாய் திறந்து சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அத்தான் செய்ததை நான் மறக்க மாட்டேன். விஷயத்தைக் கேட்டதும் வெளியே போய், மரத்தின் அடியை இரண்டு தட்டுத் தட்டி, “கேட்டியா?” என்றார்.

இயக்குநர் வெளியூரிலிருந்து ஒரு பெரிய நிபுணரை வரவழைத்தார். நான் அங்கே இல்லை, அக்கா சொல்லித்தான் தெரியும். நிபுணர் திரையை வெகு நேரம் பார்த்தார். மதியம் ஆனது. வழக்கம் போல அத்தான் அடுக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார். பூக்காலம். அன்றைக்கு அவசரத்தில் உதறவில்லையோ என்னவோ, தோளில் மஞ்சள் அப்படியே இருந்தது. அந்த நிபுணர் எழுந்து வந்து அத்தானின் தோளில் ஒரு விரலை வைத்துத் துடைத்து, எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்.

“இதோ இருக்கு உங்க இருபதாயிரம் வருஷம்” என்றார்.

அறையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். அவருக்கு விஷயம் புரியவில்லை. பெரியவர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிப்போம் என்று பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்திருக்கிறார். அக்கா முகத்தில் ஈ ஆடவில்லை.

அதன் பிறகும் அவள் விடவில்லை. வீட்டு மரத்தின் மகரந்தத்தை எடுத்து, அதே அமிலத்தில் போட்டு, அதே தங்கத்தைப் பூசி, மண்ணில் கிடைத்த துகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலையும் ஒன்று, வலையின் கண்ணும் ஒன்று, வித்தியாசம் என்று நகத்தளவும் இல்லை. ஏரி மண்ணைக் குழாயிலிருந்து பிரித்து மேஜையில் வைத்த அன்று அத்தான் சாப்பாட்டுப் பாத்திரத்தை அதே மேஜையின் ஓரத்தில் வைத்ததும் ஞாபகம் வந்தது. அவ்வளவுதான். பழசும் இல்லை, ஒன்றும் இல்லை, வீட்டு வாசலிலிருந்து வந்து விழுந்தது என்று அவளே முடிவு கட்டினாள். மண்ணோடு சேர்ந்து அமிலத்தில் விழுந்துவிட்டால் புதுத் துகளும் வெறும் கூடாகிவிடுமாம், அதனால் அந்த வழியிலும் பிரித்துப் பார்க்க முடியாதாம். மிச்ச மண்ணையும் இயக்குநர் அள்ளிப் போடச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் அத்தானுக்குத் தைத்த சட்டையைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். போயிருக்கவே வேண்டாம்.

“என் மானமே போச்சு! இத்தன வருஷம் நான் கண்ணு போக உழைச்சத உங்க சட்டையால தொடச்சுப் போட்டுட்டீங்க. ஊர்ல எவ புருஷனாவது வேலை செய்யற எடத்துக்கு இப்படி மரத்தத் தூக்கிட்டு வருவானா? ஒண்ணு அந்த மரம் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!”

“அக்கா, வாய அடக்கு” என்றேன். அவள் காதில் விழவில்லை. அத்தான் நான் கொண்டுபோன சட்டையை வாங்கி மடித்து வைத்தார். “சரிம்மா” என்றார்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷர். அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு வார்த்தையை விட்டால் அதை அவர் அப்படியே எடுத்துக்கொள்வார் என்று கூடவே வாழ்கிறவளுக்குத் தெரிய வேண்டாமா? அந்த வாரக் கடைசியிலேயே ஆட்களைக் கூட்டி வந்தார். அக்கா வேலைக்குப் போயிருந்தாள். ஆட்கள் மரத்தைச் சாய்த்துத் துண்டு போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்கு மேல் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் போன பிறகு அத்தான் கடப்பாரையை எடுத்து, அடிக்கட்டையை, வேரை, வேரின் வாலை எல்லாம் தானே தோண்டி எடுத்தார். “கட்டையாவது இருக்கட்டுமே அத்தான், திரும்பத் துளிர்க்கும்” என்றேன். “அதான் வேணாங்கறேன்” என்றார். குழியை மூடி, தண்ணீர் தெளித்து, பெருக்கியும் விட்டார்.

அக்கா வேலை முடிந்து வந்தாள். வாசல் வெளிச்சமாக இருந்தது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். “நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த நேரத்தில் அவளை ஓங்கி ஒரு அறை அறையலாம் போல இருந்தது எனக்கு. அக்கா ஆயிற்றே என்று விட்டேன்.

அதற்குப் பிறகு அத்தான் ஆய்வுக்கூடப் பக்கமே போகவில்லை. அக்கா காலையிலேயே தன் சாப்பாட்டை டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள். அத்தான் முன்னைப் போலவே சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார். சண்டை என்று எதுவும் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், சிரிக்கக்கூடச் செய்வார். ஆனால் அந்த இமைமுடிக் கதையை அதற்குப் பிறகு அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

புதிதாக ஒரு பழக்கம் மட்டும் வந்தது. வெளியிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்றி உதறுவார். ஒரு உதறு இல்லை, நான்கைந்து உதறு. பிறகு கை கால் கழுவி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அக்கா இருக்கும் அறைக்குள் நுழைவார். “என்ன அத்தான், ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?” என்று கிண்டல் செய்வேன். சிரிப்பார். கொஞ்ச நாள் கழித்துக் கடைக்கு வந்து, “இனிமே என் சட்டைக்குப் பை வேணாம் சின்னவளே” என்றார்.

“பை இல்லாம சட்டையா? பேனா, சில்லறை எல்லாம் எங்க வைப்பீங்க? வாயிலயா?”

“கையில வச்சுக்கறேன். காலரையும் மடிக்காமத் தச்சுடு.”

வயசான காலத்தில் மனுஷனுக்குப் புதுநாகரிகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பையில்லாமல், மடிப்பில்லாமல், தூசி தங்க இடமே இல்லாத சட்டைகளை வருஷக்கணக்காக அவருக்குத் தைத்துக் கொடுத்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம் அக்காவின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு புதுப்பெண் வேலைக்கு வந்தாள். ஏரியின் எதிர்க்கரையில் வேறொரு இடத்தில் குழாய் இறக்கி மண் எடுத்து வந்தாள். மூடின அறை, முகமூடி, கையுறை எல்லாம் போட்டுத்தான் அந்த மண்ணைப் பிரித்தார்கள். ஒரு நாள் அந்தப் பெண் திரையைக் காட்டி, “அக்கா, இது எந்த மரம்? எனக்குப் பிடிபடல. அடி மண்ணுல ஒண்ணு இல்ல, நெறைய வருது” என்று கேட்டிருக்கிறாள்.

திரையில் கப்பல் மரம்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு கப்பல் மரம்கூட இப்போது கிடையாது. கடைசியாக நின்றதைத்தான் அத்தான் வேரோடு எடுத்துவிட்டாரே. அக்கா ஆடிப் போய்விட்டாள். தன் அலமாரியைத் திறந்து, அந்தப் பழைய பொத்தான் தட்டை எடுத்தாள். தூக்கிப் போடாமல் வைத்திருந்தாள். தான் பட்ட அவமானத்தின் ஞாபகமாக வைத்திருந்தாளாம், கேட்டால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இப்போது அங்கே இன்னொரு மெஷின் வந்திருந்தது. முன்னது முகத்தைப் பார்க்கிற மெஷின். இது உள்ளே பார்க்கிற மெஷின். துகளைப் பிசினில் பதித்து இறுக வைத்து, வைரக் கத்தியால் அதை மெல்லிசிலும் மெல்லிசாகச் சீவி, அந்தச் சீவலுக்குள் எலக்ட்ரானைப் பாய்ச்சினால், தோலின் குறுக்குவெட்டு திரையில் தெரியும். அக்கா அத்தானின் முடியை வைத்தே அந்தப் பழைய துகளைத் தட்டிலிருந்து பெயர்த்து எடுத்தாள். அந்தக் குச்சியில் இருந்ததுதான் அவர் கடைசியாகக் கொடுத்த முடி. வீட்டு மரத்தின் துகள் ஒன்றும் பழைய பெட்டியில் மிஞ்சியிருந்தது. அதையும் அதே போலச் சீவினாள்.

அன்றைக்கு என் கடைக்கு அவள் ஓடி வரவில்லை. மெதுவாக வந்து, பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பெண் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையிலிருந்து இரண்டு படங்களை எடுத்து என் மேஜையில் வைத்தாள்.

“இது நம்ம வீட்டு மரம். பாரு, மேல கூரை, கீழ தரை, நடுவுல தூணுங்க. நேரா நிக்குது. இது மண்ணுல கெடச்சது. தூணு எல்லாம் சாஞ்சு, நொறுங்கி, கூரையும் தரையும் ஒட்டிப் போச்சு. அங்கங்க அரிச்சு ஓட்ட வேற. வெளிய கறுப்பா ஒரு கோடு தெரியுதே, அது நான் பூசின தங்கம், இந்த மெஷின்ல கறுப்பாத்தான் தெரியும். அதே துகள்தான்டி. ஒரு பூக்காலத்துல இப்படி ஆகாது. ஏரி மொத்தமும் ஏறி மிதிச்சிருக்கு.”

“அப்படின்னா?”

“நெசமாவே பழசு.” தலையைக் குனிந்துகொண்டாள். “நான் என்ன பண்ணினேன் தெரியுமா? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்து, ஒரே முகம், அதனால வீட்டு மரந்தான்னு தள்ளினேன். அதே மரம்னா அதே முகம்தானடி இருக்கும், புதுசா இருந்தாலும், பழசா இருந்தாலும்! முகத்தப் பாத்து வயசச் சொல்லிட்டேன். வேலைக்குச் சேர்ந்த மொத வாரத்துல பண்ற தப்பு. அந்த நிபுணர் எல்லாரையும் சிரிக்க வச்சதும் புத்தி கெட்டுப் போச்சு எனக்கு.”

எனக்குத் திட்டு வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“அவர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்? நீயும் வாயேன்” என்றாள். கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

அத்தான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா படங்களைத் தரையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, என்னிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னாள். தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு படத்தைத் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார், நான் திருப்பிக் கொடுத்தேன்.

“இது நம்ம மரமா?”

“நம்ம மரத்தோட பாட்டன், முப்பாட்டன். அதுக்கும் முன்னாடி.”

“அப்ப கப்பல்ல வரல.”

“வரலைங்க. நீங்க சொன்னதுதான் சரி. இங்கயே இருந்த மரம்.” அக்கா அழத் தொடங்கிவிட்டாள். “நான்தாங்க தப்பு. அவசரப்பட்டு வாய விட்டு, மரத்த வெட்ட வச்சுட்டேன். என்ன மன்னிச்சுடுங்க.”

அவர் மரத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நாலு வார்த்தை திட்ட மாட்டாரா என்றுகூட இருந்தது. திட்டினால் அவளுக்கும் பாரம் குறையும். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு எதையோ கேட்டார்.

“அப்ப என் சட்டையில இருந்து வரலையா?”

அக்கா நிமிர்ந்தாள்.

“இல்ல, மண்ணு பிரிச்ச அன்னைக்கும் நான் உதறாமத்தான் வந்திருப்பேன். உள்ள வந்து பாத்திரத்த வேற அந்த மேஜையில வச்சேன். என்னாலதான் உன் பேரு கெட்டுப் போச்சுன்னு...” படத்தை அவள் பக்கம் நீட்டினார். “என் சட்டையில இருந்து வரலைதானே? நல்லாப் பாத்தியா?”

“வரலைங்க. சத்தியமா வரல.”

வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெரிய உடம்பு, குலுங்கியது. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாசலில் உதறினது, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது, பை வேண்டாம் என்றது, காலர் மடிப்பு வேண்டாம் என்றது, ஆய்வுக்கூடத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதது. இத்தனை வருஷமும் அவர் மரம் போன கோபத்தில் இல்லை. பெண்டாட்டியின் உழைப்பைக் கெடுத்தவன் நான்தான் என்று அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டு எங்கள் நடுவில் நடமாடியிருக்கிறார். நான் வேறு கிண்டல் செய்தேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா அத்தான்? வாய எங்க வச்சிருந்தீங்க?” என்று கத்திவிட்டேன். கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

“என்னத்தக் கேக்கறது சின்னவளே? அவர் என் தோள்ல இருந்து எடுத்துக் காட்டினாரே. அது பத்தாதுன்னு நானும் கூட நின்னு சிரிச்சுட்டு வந்தேன்.”

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்ப உன் பேரு வருமா?” என்று கேட்டார்.

“வரும். மொதப் பேரா வரும்.”

“அது போதும்” என்றார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார். அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கட்டுரை வந்துவிட்டது, அக்காவின் பெயர் முதலில் இருக்கிறது. கன்று ஒன்று வாங்கி வைக்கலாம் என்று அக்கா நாற்றுப்பண்ணை நாற்றுப்பண்ணையாக அலைந்தாள். “அந்த வந்தேறி மரமா? அதெல்லாம் எப்பவோ ஒழிச்சாச்சே” என்கிறார்கள். இருபதாயிரம் வருஷத்துக்கு முந்தினது இவளிடம் பெட்டி பெட்டியாக இருக்கிறது. நடுவதற்கு ஒன்று இல்லை.

நான் அத்தானின் பழைய சட்டைகளை எல்லாம் வாங்கி மூட்டை கட்டிவிட்டு, புதிதாக ஆறு சட்டை தைத்தேன். எல்லாவற்றுக்கும் நல்ல அகலமாகப் பை வைத்தேன், காலரை மடித்துத் தைத்தேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, “மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்” என்றார். மதியச் சாப்பாட்டைத் திரும்பவும் அவரே ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார். அக்கா கெஞ்சிக் கூத்தாடித்தான் வரவைத்தாள்.

நேற்று நானும் அங்கே இருந்தேன். அத்தான் பாத்திரத்தோடு வந்து கதவுக்கு வெளியே நின்றார். பாத்திரத்தைக் கீழே வைத்தார். இரண்டு தோளையும் தட்டினார், காலர் மடிப்பைத் தூக்கித் தட்டினார். பிறகு, எதுவுமே போடாத அந்தப் பையை விரலால் விரித்துக் குனிந்து, நான்கைந்து முறை உதறினார்.

“அப்படியே வாங்க, ஒண்ணும் இல்ல, அப்படியே உள்ள வாங்க” என்று அக்கா உள்ளிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“இதோ ஆச்சும்மா” என்று சொல்லி, இன்னொரு தடவை உதறினார்.